சிவப்பு மேசைக்குப் பதில் சிவப்பு மேசை

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நம் சமையலறை மேசை வீட்டை விட்டுப் போனது. அப்போது இருந்தவர்கள்: நான், உன் அப்பா, உன் தம்பி, மேசைக்கடைக்காரர், அவரோடு வந்த சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர், வாசலில் நின்று வேடிக்கை பார்த்த மாடிவீட்டு டீச்சர். ஆக ஏழு பேர். நீ இல்லை. நீ இந்த வீட்டுப் படி ஏறி மூன்று வருஷம் ஆகிறது.

நாங்கள் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் காலையில் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மேசைக்கு ஒரு குறையும் இல்லை. என் நோட்டில் ஒட்டி வைத்த கடை ரசீதில் பார்த்தேன், வாங்கி இருபத்தாறு வருஷம் நாலு மாசம். சிவப்பு மைக்கா ஒட்டின பலகை, பளபளக்கிற ஸ்டீல் குழாய்க் கால். நீ அதில் வீட்டுப்பாடம் எழுதுவாய், நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இன்று உனக்கு எழுதுகிற கை அங்கே பழகினதுதான்.

நடுவில் ஊரெல்லாம் மேசையை மாற்றியது. டீச்சர் முதலில் கண்ணாடி மேசை வாங்கினாள். சூடான பாத்திரத்தை வைக்கப் பயந்து கையிலேயே பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். அப்புறம் சுவரோரம் கல் பலகை, உயர ஸ்டூல். கால் தொங்கத் தொங்க, பரணில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறாள். இப்போது நம்முடையது மாதிரியே பழைய மாடல்தான் வேண்டும் என்கிறாளாம். அதற்கு ரெட்ரோ என்று பெயராம், உன் தம்பி சொன்னான்.

இப்படி ஊரே தேடுகிற நேரத்தில்தான் உன் அப்பா மேசையை மாற்றணும் என்று ஆரம்பித்தார். ஏன் என்றால், கால் ஆடுது என்றார். நான் குனிந்து ஆட்டிப் பார்த்தேன், மேசை ஆடவில்லை, நான்தான் ஆடினேன்.

மூன்று வருஷம் முன்னால் அன்று அவர் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். மாப்பிள்ளையைப் பற்றி நீ வாய் திறந்ததும், உள்ளங்கையால் மேசையை ஓங்கி அடித்து, கடவுள் சாட்சியாச் சொல்றேன், இந்த மேசையில இனிமே உனக்கும் அவனுக்கும் இடம் கிடையாது என்றார். நீ பாதிச் சோற்றில் எழுந்து போனாய். கோபத்தில் சொன்னதுதானே, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்க என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! லாரி எடைமேடையில் முப்பது வருஷம் இருந்த மனுஷன். சீட்டுல எழுதின எடையை அடிச்சுத் திருத்துற பழக்கம் எனக்கில்ல என்பார்.

போன மாசம் உன் கடிதத்தை உன் தம்பிக்குச் சத்தமாகப் படித்தேன். உங்கள் வீட்டு மடக்கு மேசை தாழ்வு, மாப்பிள்ளைக்கு முழங்கால் இடிக்கிறது, ஒருக்களித்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாயே. உன் அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பக்கம் திருப்பவே இல்லை. அந்த வாரம்தான் நம் மேசைக்குக் கால் ஆட ஆரம்பித்தது.

கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடை முழுக்க ரெட்ரோதான். நம்முடையதைப் போலவே சிவப்பில் ஒன்றைத் தொட்டு, இது என்றார். பிறகு சுமை தூக்குகிறவர்களில் உயரமானவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முழங்கால் இடிக்குதா தம்பி, நல்லா நீட்டிப் பாருங்க என்றார். அவர் வெட்கத்தோடு, கொஞ்சம் இடிக்குது ஐயா என்றார். உடனே கடைக்காரரிடம், காலை ரெண்டு விரக்கடை உயர்த்திக் கொடுங்க, அதுக்கேத்த மாதிரி நாற்காலி அஞ்சு என்றார். செட்டுன்னா நாலு, இல்லன்னா ஆறு, அஞ்சு யாருமே கேட்டதில்லையே சார் என்று கடைக்காரர் சிரித்தார். நான் கேக்குறேனே என்றார் இவர்.

நம் வீட்டில் யாரம்மா உயரம்? நீயே சொல். இருக்கிற மூன்று பேருக்கு ஐந்து நாற்காலி எதற்கு?

சனிக்கிழமை புதுசு இறங்கினதும் உன் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அதே சிவப்பு, அதே காலு, இதுக்கு எதுக்குப்பா அதைக் கொடுத்தீங்க என்று கேட்டான். அது வேற, இது வேற என்றார். டீச்சரும் கேட்டாள். அது வேற, இது வேற. நான் ஒன்றும் கேட்கவே இல்லை, என்னைப் பார்த்தும் அதையே சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்களுக்கு இடமில்லை என்று அவர் சத்தியம் செய்தது அந்த மேசைக்குத்தான், இதற்கு இல்லை.

கடவுளிடமே சாமர்த்தியம் காட்டுகிறாரே என்று முதலில் பயந்தேன். ராத்திரி பிரார்த்தனையில் சொல்லியும் விட்டேன். அவனும் பிள்ளைகளைப் பெற்றவன்தானே, கோபிக்க மாட்டான் என்று மனசுக்குப் பட்டது.

உன் கோபம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளையைப் பற்றி அவர் அன்று பேசின மற்ற வார்த்தைகளை நான் எழுதக்கூட மாட்டேன். தப்பு என்று அவர் வாயால் சொல்வார் என்று எதிர்பார்க்காதே. அவரால் முடிந்தது ஒரு மேசையை வெளியே அனுப்பி, அதே மாதிரி இன்னொன்றை உள்ளே கொண்டுவருவது. அதைச் செய்துவிட்டார். உன்னை வரச்சொல் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கடித உறையை வாங்கி வந்தது அவர்தான். கேட்காமலே வாங்கி வந்து, என் நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் சொல்கிறேன், வா. மாப்பிள்ளையையும் கூட்டி வா. வந்தால் மேசையைப் பற்றி ஒன்றும் கேட்காதே, சிரிக்காதே. புதுசு நல்லாயிருக்குப்பா என்று மட்டும் சொல்லு.

இருவரும் நீண்ட ஆயுளோடு, மனம் கோணாமல் வாழ ஆண்டவன் துணை இருக்கட்டும். வர மனம் இல்லையென்றால் அதையாவது எழுது, நான் ஏற்றுக்கொள்வேன். தபால்காரர் மணி அடிக்கும்போதெல்லாம் உன் அப்பா எனக்கு முன்னால் எழுந்து போகிறார். சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா