வாசலில் ஒரு டம்ளர் தண்ணீர்

அக்கா,

இன்று காலை பிரவீன் வந்து ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். கூடலூர் பள்ளியில் நம்மிடம் படித்தவன். இப்போது சின்னமனூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவன் தலை மறைந்ததும் புத்தகத்தைப் பிரித்து, படிப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தேன். மையும் பசையும்தான் மணந்தன. ஏலக்காய் மணக்கவில்லை. பேய்க்கதை என்றால் ஏலக்காய் மணக்க வேண்டும் என்று என் மூக்கைப் பழக்கிவிட்டவர் நீங்கள்.

புத்தகத்தின் பெயர் ‘கருங்குன்று: வாசகர் நெஞ்சில் நின்ற காட்சிகள்’. அட்டையில் சிவந்த கண்களோடு கருங்குன்றுப் பிரபு, நம் ரத்தக்காட்டேரி, நிற்கிறார். உள்ளே ஆளுக்கொரு காட்சி எழுதியிருக்கிறார்கள். முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினேன். நம்முடைய காட்சி இல்லை. பரீட்சை முடிவு ஒட்டிய பலகையில் தன் எண்ணைத் தேடுகிற பிள்ளை, இல்லை என்று தெரிந்த பிறகும் விரலை வைத்துத் தேடுமே, அப்படித் தேடினேன். எரிச்சலாக இருக்கிறது அக்கா. அவர்கள் மேல், என் மேல், எல்லாரையும்விட உங்கள் மேல்.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பஸ்ஸில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்த கருங்குன்று இப்போது தமிழில் நான்கு பாகங்களாக வந்துவிட்டது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அதைக் கொண்டாடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கம்பம், போடி, வடுகபட்டி என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள். பிரவீன்தான் நடத்துகிறான். ஞாயிறுதோறும் யாராவது ஒருவர் தனக்குப் பிடித்த காட்சியைச் சொல்ல வேண்டும். என்னையும் சேர்த்துக்கொண்டான். அந்தக் கூட்டத்தில் நரைத்த தலை நான் ஒருத்திதான்.

அந்தக் கதை மலையாள வாரப் பத்திரிகையில் தொடராக வந்த காலத்தில் அவர்களில் பாதிப் பேர் பிறந்திருக்கவில்லை. மழைமறைவுப் பிரதேசம் என்று நான் பாடம் நடத்தும்போது நம் பள்ளத்தாக்கைத்தான் உதாரணம் காட்டுவேன். மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிடும், நமக்கு வருவது சாரல்தான். கதைகளும் அப்படித்தான் இருந்தன. வண்டிப்பெரியாறில் உங்கள் அத்தா ஏலக்காய்க் கடை வைத்திருந்ததால் சின்ன வயதில் நீங்கள் அங்கே மலையாளம் படித்தீர்கள். குமுளியிலிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு உங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகை, அந்த வாசனையோடு உங்கள் பையில் ஏறி, உத்தமபாளையம் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு வரும். எனக்கு அடித்த சாரல் நீங்கள்தான்.

நான் சின்னமனூரிலேயே ஏறி உங்களுக்கு ஜன்னல் ஓரம் இடம் போட்டு வைத்திருப்பேன். புதுப்பட்டியில் பேச்சியம்மா ஏறுவாள். கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். ஏறும்போதே குரல் முன்னால் வரும். அன்றும் வந்தது.

“ஏ டீச்சரு, போன வாரம் அவன் கதவத் தட்டுனதோட நிப்பாட்டிட்டுப் போயிட்டீக. உள்ள வந்தானா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல.”

“ஆத்தா, மொதல்ல டிக்கெட்ட எடு. காட்டேரியே டிக்கெட் எடுத்துட்டுத்தான் நிக்கிது” என்றார் கண்டக்டர்.

“இவரு ஒருத்தரு. ரத்தம் உறிஞ்சுறதுல அவனுக்கு அண்ணன்.”

பஸ்ஸே சிரித்தது. பேச்சியம்மா மட்டும் சிரித்து முடித்துவிட்டு உங்கள் பக்கம் குனிந்தாள். “வெளையாட்டு இல்ல டீச்சரு. நான் ஒத்தையில கெடக்குறவ. இந்தக் கதையக் கேட்டதுலருந்து பொழுது சாஞ்சா கதவத் தொறக்க முடியல. பெத்த மகன் திருப்பூர்லருந்து வந்து வாசல்ல நின்னு கத்துறான், நான் தொறக்கலையே! கதையில வர்ற அந்தப் பொம்பளையும் ஒத்தையாள்தான? அவளச் சாக விட்றாதீக.”

நீங்கள் பத்திரிகையைப் பிரித்து வாய்க்குள்ளேயே படித்தீர்கள். பிறகு மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தீர்கள்.

“என்னக்கா, தலை சுத்துதா?” என்றேன்.

“இல்ல. எழுத்து சின்னதா இருக்கு” என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் சொல்ல ஆரம்பித்தீர்கள். ஊருக்கு வெளியே ஒற்றை வீடு. கதவு தட்டப்படுகிறது. வீட்டுக்காரி விளக்கோடு வந்து திறக்கிறாள். வெளியே பிரபு. வீட்டு ஆள் வாயால் ‘வாங்க’ என்று அழைத்தால் ஒழிய அவனால் வாசற்படி தாண்ட முடியாது. அதுதான் அந்தக் கதை முழுக்க உள்ள விதி. அந்த இடத்தில் கம்பம் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. கூட்டம் ஏறி, கைப்பிள்ளைக்காரி ஒருத்திக்கு இடம் விட்டு எழுந்த என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. சந்தைக்குப் போகிற ஒரு கோழிக்கூடைக்குப் பின்னால் நின்றுகொண்டு எவ்வளவு காதைத் தீட்டியும் ஒன்றும் விழவில்லை. கூட்டம் குறைந்து நான் முன்னால் வந்தபோது முடிவுதான் கிடைத்தது. “சேவல் கூவிருச்சு. நின்ன எடத்துலயே சாம்பலா உதிந்துட்டான். அவ வெளக்குமாத்த எடுத்தா, வாசலப் பெருக்குனா, தண்ணி தெளிச்சா, கோலத்தப் போட்டா. அன்னைக்குப் போட்ட கோலத்துல ஒரு இழை பிசகல.” பேச்சியம்மா தொடையில் தட்டிச் சிரித்தாள்.

நடுவில் என்ன நடந்தது என்று பள்ளிக்கூட வாசலில் கேட்டேன். “அப்புறம் சொல்றேன், பெல் அடிச்சிருச்சு” என்றீர்கள்.

அப்புறம் சொல்றேன். உங்கள் வாயில் அதிகம் புழங்கிய சொல் அதுதான். மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், கதைகள் பேசிச் சிரித்துவிட்டுக் கிளம்புகையில் நான் ஏதோ கேட்க, அதையேதான் சொன்னீர்கள்.

என் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை சாம்பலைப் பெருக்கிவிட்டுக் கோலம் போட்ட அந்தக் காட்சியைத்தான் குழுவில் எழுதினேன். தீ படம் போட்டார்கள், கைதட்டும் படம் போட்டார்கள். “செம டீச்சர்! எந்தப் பாகம், எத்தனாம் பக்கம்?” என்றான் பிரவீன். விடை மட்டும் எழுதினால் பாதி மார்க், வழியையும் எழுது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கோபித்துக்கொள்ள முடியுமா? நான்கு பாகத்தையும் தேடினேன். மூன்றாம் பாகத்தில் அந்த வீடு இருந்தது, அந்தப் பெண்ணும் இருந்தாள். கதவைத் திறக்கிறாள், உள்ளே வரச் சொல்கிறாள், காலையில் பிணமாகக் கிடக்கிறாள். அவ்வளவுதான்.

மொழிபெயர்த்தவர் வெட்டிவிட்டார் என்று முடிவுகட்டி, குழுவில் அவரை நீளமாகத் திட்டியும் எழுதிவிட்டேன். குமுளியிலிருந்து லிஸி என்று ஒரு பெண் குழுவில் இருக்கிறாள். அவள் வீட்டில் பழைய பத்திரிகைகளைக் கட்டிவைத்திருந்தார்களாம். தேடிப் பார்த்துவிட்டுக் குரல் செய்தி அனுப்பினாள். “டீச்சரே, நல்லா நோக்கிட்டேன். அந்தப் பொண்ணு மரிச்சுப் போச்சு. ரெண்டே வரிதான்.”

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்த உங்கள் முகம் ஞாபகம் வந்தது. எழுத்து சின்னதாக இல்லை. வீட்டுக்காரி செத்துப்போயிருந்தாள். பக்கத்தில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். புதுப்பட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவில் நீங்கள் அவளுக்காக வேறொன்றைக் கட்டியிருக்கிறீர்கள். பக்கத்து சீட்டில் இருந்த எனக்குக்கூட மூச்சு விடவில்லை.

தேனியில் ஒரு பேக்கரி மாடியில் வாசகர்கள் கூடினார்கள். காட்சிகளைப் புத்தகமாகப் போடப் போவதாகச் சொன்னார்கள். நான் எழுந்து, இது புத்தகத்தில் இல்லாதது, என் சிநேகிதி உண்டாக்கியது, அவர் பேரில் இதைப் போட வேண்டும் என்றேன். சொல்லியும் காட்டினேன். வாத்தியார் வேலை பார்த்து என்ன பயன், எனக்கு உங்கள் குரல் வரவில்லை. முடிந்ததும் போடியிலிருந்து வந்த கல்லூரிப் பெண் கையைத் தூக்கினாள்.

“மேடம், ஒரு சந்தேகம். வாசல்ல ஆள் நின்னா நம்ம ஊர்ல யாராச்சும் வாங்கன்னு சொல்லாம இருப்பாகளா? சண்டைக்கு வந்தவனையே வாங்கன்னுட்டுத்தான் சண்டையே போடுவோம். அவ எப்டி விடிய விடிய அந்த வார்த்தையச் சொல்லாம நின்னா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோழிக்கூடைக்குப் பின்னால் நின்றதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

“இடிக்கிது டீச்சர்” என்றான் ஒருவன்.

“நடுவுல ஓட்டையோட போட முடியாது டீச்சர். முழுசா குடுங்க, கடைசிப் பக்கத்துல அவுக பேர்லயே போட்டுருவோம்” என்றான் பிரவீன். பஸ்ஸில் திரும்பும்போது, உங்களை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு நாள், ஒரு டீ குடிக்கிற நேரம், சொல்லியிருந்தால் என்ன?

மிச்சமிருந்தது பேச்சியம்மா. புதுப்பட்டியில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். வாசலில் நின்று கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது, கண்ணில் பார்த்தேன். ஆனால் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. விறுக்கென்று உள்ளே போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு வருஷம் கழித்துத் தேடி வந்தவளுக்கு இதுதானா மரியாதை?

ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். படிக்கு உள்ளேயே நின்று கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

“தூரத்துலருந்து வந்திருக்கீக. மொதல்ல தண்ணி குடிங்க.”

குடித்தேன். கடைசி மடக்கு இறங்குகிறவரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

“இப்ப வாங்க டீச்சரம்மா! உள்ள வாங்க. நல்லா இருக்கீகளா?”

“என்ன பேச்சியம்மா இது?”

“அந்த டீச்சரு சொன்னதுதான, மறந்துட்டீகளா? காட்டேரி வாசல்ல நிக்கிறான். அவ வாங்கன்னு சொல்ல வாயெடுக்குறா. அம்புட்டுத் தூரம் நடந்து வந்த ஆளாச்சேன்னு மொதல்ல தண்ணிய நீட்டுறா. வாங்கிட்டான். ரத்தம் குடிக்கிறவன் தண்ணியக் குடிப்பானா? வேணாம்னு சொல்லவும் அவனுக்கு வாய் வரல, சொன்னா அப்பறம் எப்டி உள்ள கூப்பிடுவா? இவளும் விடல. குடிங்க, கூச்சப்படாதீக, குடிங்கன்னு நிக்கிறா. விடிஞ்சிருச்சு.” டம்ளரைக் கவிழ்த்து உதறினாள். “அன்னையிலருந்து எனக்குப் பயம் போச்சு. யாரு வந்தாலும் தண்ணிதான். சம்பந்தகாரருக்கும் தண்ணிதான். கோவிச்சுக்கிட்டுப் போனவுகளும் உண்டு. போகட்டும். அந்த டீச்சரு எங்கன இருக்காக? கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?”

சொன்னேன். அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அவுக கதையில ஒருத்தரும் சாக மாட்டாகளே டீச்சரம்மா” என்றாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். உண்மைதான். நான்கு பாகத்திலும் பக்கத்துக்குப் பக்கம் சாவு. பஸ்ஸில் நான் கேட்ட கருங்குன்றில் ஒரு சாவுகூட ஞாபகம் இல்லை. உதிர்ந்துபோன பிரபுவே அடுத்த வாரம் சாம்பலிலிருந்து எழுந்து வந்துவிட்டானே. ஆகவே நான் ரசித்த கருங்குன்று எந்தப் பாகத்திலும் இல்லை, லிஸி வீட்டுப் பழைய பத்திரிகைகளிலும் இல்லை. எது அந்த ஆசிரியருடையது, எது உங்களுடையது என்று பிரிக்க இனி யாராலும் ஆகாது. வாரம் ஒன்றாக உங்கள் தலையிலிருந்து வந்த கதைக்கு நான் யாரோ ஒருவரைப் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சொல்லியிருந்தால் எழுத வைத்திருப்பேனே. கையெழுத்து மோசம் என்பீர்கள், நான் எழுதியிருப்பேன்.

ஓட்டையை அடைத்து, முழுக் காட்சியையும் உங்கள் பேரோடு எழுதி பிரவீனுக்கு அனுப்பினேன். “சூப்பர் டீச்சர். ஆனா அச்சுக்குப் போயிருச்சு. அடுத்த பதிப்புல பாப்போம்” என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பு என்பது அவனுடைய ‘அப்புறம் சொல்றேன்’.

இன்று காலை அவன் வந்து, “டீச்சர், புக்கு” என்று வாசலில் நின்றான். எனக்கு வாய் வரை ‘வாப்பா’ வந்துவிட்டது. உள்ளே போய் டம்ளரை எடுத்து வந்து, படிக்கு இந்தப் பக்கம் நின்றே நீட்டினேன். டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு மடமடவென்று குடித்தான். காலி டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான்.

“பாத்துக்கங்க டீச்சர். மனுசன்தான்.”

அவன் போன பிறகும் டம்ளர் வாசல் ஜன்னலிலேயே இருக்கிறது. இனி அங்கேதான் இருக்கும். கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ‘வாங்க’ சொல்வேன். சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் உங்கள் பேரைச் சொல்வேன்.

ஒரு நாள் நீங்களே வந்து கதவைத் தட்டினால், அக்கா, உங்களால் தண்ணீர் குடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நீட்ட மாட்டேன். முகத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன், வாங்கக்கா, உள்ளே வாங்க. உட்கார்ந்து, அந்த அப்புறத்தை எல்லாம் சொல்லிவிட்டுப் போங்க.