கடைசியாகப் பேசுபவர்

மார்ச் 4
புதிய தலைமை நீதிபதி வந்த பிறகு முதல் ஆலோசனை. வழக்கைக் கேட்டு முடித்ததும் ஐவரும் பின்னறையில் கூடுவோம். கடைசியாகப் பதவிக்கு வந்தவர் முதலில் கருத்துச் சொல்வார். தலைமை நீதிபதி கடைசியில். பெரியவர் வாயைப் பார்த்துச் சின்னவர் பேசக் கூடாது என்று வைத்த முறை. இன்று அவரே முதலில் பேசினார். நேரம் மிச்சமாம். அவருக்கு அடுத்த மூத்தவன் நான். டீயைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19
விசாரணையே இல்லாமல் பிடித்து வைத்திருக்கும் பள்ளி வாத்தியாரின் வழக்கு. அவர் மனைவி தினமும் கடைசி பெஞ்சில். அந்தக் காவல் செல்லாது, எனக்குச் சந்தேகமே இல்லை. எழுதியும் வைத்துவிட்டேன். நாளை சொல்லிவிடுவேன் என்றேன் வீட்டுக்காரியிடம். "சாப்பாட்டுல உப்பில்லன்னாகூட வாயத் திறக்க மாட்டீங்க. அங்க போய்த் திறந்துடுவீங்களாக்கும்" என்றாள்.

மார்ச் 20
"பிடிச்சது சரிதான். யாருக்காவது வேற கருத்து இருக்கா?" என்றார் தலைமை நீதிபதி. எழுதியது கோப்பில் இருந்தது. கை கோப்பின் மேல் இருந்தது. தலையசைத்தேன் — இல்லை என்று.
"அப்ப தீர்ப்ப நீங்களே எழுதிடுங்க. உங்க நடை சுத்தமா இருக்கும்."
எழுதுகிறேன். சுத்தமாகத்தான் வருகிறது. ச்சீ.

ஏப்ரல் 2
வாசித்தேன். முடித்ததும் வாத்தியார் மனைவி எழுந்து கைகூப்பினாள். தோற்றது அவளுக்குப் புரியவில்லை. வக்கீல் குனிந்து சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 3
வீட்டில் இவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

நவம்பர் 10
தலைமை நீதிபதி ஓய்வு பெறுகிறார், வழியனுப்பு விழா. அவர் காலத்தில் ஒரு மாறுபட்ட தீர்ப்புகூட இல்லை, நீதிமன்றம் ஒரே குரலில் பேசியது என்று புகழ்ந்தேன். நானேதான். கைதட்டினார்கள். நாளையிலிருந்து அந்த நாற்காலி எனக்கு.

நவம்பர் 24
வாத்தியாரின் மறுஆய்வு மனு. பழைய முறையைத் திருப்பிக் கொண்டுவந்தேன். புதிதாக வந்திருக்கும் நீதிபதியம்மா முதலில் பேசினார். "ஐயா எழுதின தீர்ப்புல மாத்த என்ன இருக்கு?" மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்தவரும் அதையே. மற்ற இருவரும் அதையே. கடைசியில் நான்: "அது தப்பு. எழுதும்போதே எனக்குத் தெரியும்."
நால்வரும் சொன்னதிலேயே நின்றார்கள். சொன்ன கருத்தை மாற்றிக்கொள்வது அந்த அறையில் வழக்கமில்லை. நாலுக்கு ஒன்று. மனு தள்ளுபடி.
முன்னவரைப் போல நானே முதலில் பேசியிருந்தால் நால்வரும் தலையாட்டியிருப்பார்கள். வாத்தியார் வீட்டுக்குப் போயிருப்பார். முறையைக் காத்தேனா, முறைக்குப் பின்னால் ஒளிந்தேனா?
"இன்னைக்காவது வாயத் திறந்தீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.
திறந்தேன் என்றேன். எப்போது என்று சொல்லவில்லை.