முதல் இலையும் என் மீசையும்

இலந்தைவிளை,
கொல்லம் 1109 ஐப்பசி 27

அன்பு மகள் தேவகனிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே உன் அம்மையும் நானும் சிவப்புப் பசுவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கொழும்பு ஆஸ்பத்திரியில் பிறத்தியார் காய்ச்சலையெல்லாம் தொட்டுப் பார்க்கிற நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொள்கிறோம். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது எழுதி நீ சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல். உன் அப்பாவுக்கு இப்போது மீசை இல்லை. இருபத்தெட்டு வருஷம் கண்ணாடி முன்னால் நின்று வளர்த்தது போன சனிக்கிழமையோடு போயிற்று. பசு என்னைக் கண்டால் கயிற்றை அறுக்கப் பார்க்கிறது. உன் அம்மை இரண்டு நாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சோறு வைத்தாள், யாரோ அந்நிய ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறமாதிரி இருக்கிறதாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதவே எனக்கு இஷ்டமில்லை. இவ்வளவுக்கும் காரணம் நீதான்.

கிறிஸ்துமஸுக்கு எழுதின கடிதத்தில், கூட இருக்கிற நர்சுகள் எல்லாரும் குடும்பப் பெருமை பேசுகிறார்கள், டைட்டஸ் பாட்டா கதையை விவரமாய் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டாயே, அங்கே பிடித்தது சனி. ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் கூலியில்லாத சர்க்கார் சுமை எடுக்கமாட்டேன் என்று சொல்லி என் பாட்டா ஆறு மாதம் ஜெயிலில் கிடந்தார், அதனால்தான் வேதக்கோயில் அசன விருந்தில் முதல் பந்தியின் முதல் இலை நம் வீட்டுக்கு என்று நான்கு வரி எழுதிப் போட்டிருக்கலாம். நான் பதினாறு பக்கம் எழுதி அனுப்பினேன். அதோடாவது விட்டேனா? போதகர் ஐயர் பங்களாவில் கரையான் தின்றது போக மிச்சமிருக்கிற பழைய மிஷன் பத்திரிகைகளை ஒரு மாதம் தும்மித் தும்மிப் புரட்டினேன். 1844ஆம் வருஷத்து, நம் கொல்லக் கணக்கில் 1019ஆம் வருஷத்து, இதழில் கிடைத்துவிட்டது, "இலந்தைவிளைச் சபையில் ஒருவன் ஓய்வுநாளில் சுமை எடுக்க மறுத்து விலங்கிடப்பட்டான்" என்று ஒரே வரி. அதைத் தூக்கிக்கொண்டு சபைக் கமிட்டிக்கு ஓடி, டைட்டஸ் பாட்டா பெயரில் கோயில் சுவரில் ஒரு கல் பதிக்கவேண்டும் என்றேன். உடனே ஞானையன் எழுந்தான். ஓடைக்கரையில் மரச்சீனிக் கிழங்கு போடுகிறவன், கோயில் மணி அடிக்கிறவன், உனக்குத் தெரியாதா. அவன் வீட்டுக்கு ஜெயில்காரன் வீடு என்று பெயர். அவனுடைய பாட்டா முத்துக்கனி எப்போதோ ஜெயிலுக்குப் போனவர், எதற்குப் போனார் என்று ஒருவருக்கும் தெரியாததால் திருட்டுக்குத்தான் என்று ஊர் முடிவுகட்டி வைத்திருந்தது. "ஓய் வாத்தியாரே, பேப்பர்ல பேரு எங்க இருக்கு? ஒருவன்னுதான போட்டிருக்கு? எங்க பாட்டாவும் ஒருவன்தான வே" என்றான். கமிட்டி முழுக்கச் சிரித்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கோர்ட்டு ஓலையில் பெயரைக் காட்டுகிறேன், காட்டாவிட்டால் இந்த மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் ஐந்து சனிக்கிழமை தக்கலைக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து பத்மநாபபுரத்துக்கு நடந்து, கோர்ட்டு ரிக்கார்டு அறையில் உட்கார்ந்து எழுந்ததில் என் இடுப்பு என்னுடையதாக இல்லை. அங்கே ஓலைக்கட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர் நாராயணபெருமாள் என்று ஒரு மனுஷர், பழைய எழுத்தெல்லாம் தண்ணீர்ப்பட்ட பாடு, பஞ்சாங்கக் கணக்கிலும் புலி. டைட்டஸ் டைட்டஸ் என்று ஐந்து வாரம் என்னைத் தேடவிட்டு, ஐந்தாவது வாரம் பொடியை உறிஞ்சிக்கொண்டு, "சாரே, அந்தக் காலத்துச் சர்க்கார் ஓலையில வேதப்பேரையா எளுதுவான்? முங்கி ஞானஸ்நானம் வாங்குததுக்கு முந்தி உள்ள பேரச் சொல்லும்" என்கிறார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றால், "நீரு கேக்கலியே" என்கிறார். அந்தப் பெயர் நம் வீட்டில் யாருக்குத் தெரியும்? டைட்டஸ் என்பதே இங்கிலாந்திலிருந்து சட்டைத்துணி அனுப்பிவைத்த ஏதோ ஒரு துரையின் பெயர். பழைய பெயரை வாயால் சொல்வதே பாவம் என்று வளர்ந்த கூட்டம் நாம். கடைசியில் நேசபாய் அத்தையிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு, ஏதோ கெட்டவார்த்தை சொல்கிறமாதிரி வாயைப் பொத்திக்கொண்டு, "சுடலையாண்டி" என்றாள். சொன்ன கையோடு என்னை முழங்காலில் நிறுத்தி ஜெபம் பண்ணினாள்.

ஆறாவது சனிக்கிழமை அரைமணி நேரத்தில் ஓலை அகப்பட்டது. நாராயணபெருமாள் வாசிக்க வாசிக்க நான் நகலாகப் பகர்த்தி எழுதினேன், பாதியில் என் கை நின்றுவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட பிரதி முத்துக்கனி. "இப்போது டைட்டஸ் என்று வேதப்பேர் வைத்திருக்கிற சுடலையாண்டி, வயது இருபத்திரண்டு" என்பது சர்க்கார் பக்கத்துச் சாட்சி. நம் பாட்டா சொன்னது இது: "1019 தை 14ஆம் தேதி முத்துக்கனி மூட்டையைக் கீழே போட்டு இன்றைக்கு எடுக்கமாட்டேன் என்று சொன்னது மெய், நான் கண்டேன், அந்த மூட்டையையும் சேர்த்து நானே சுமந்துபோனேன்." ஆறு மாதம் முத்துக்கனிக்கு. அவர் ஜெயிலிலிருந்து வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார், நம் பாட்டா எண்பது வயதுவரை இருந்து பேசினார். விஷயம் அவ்வளவுதான். ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு அவன் கதையையும் எடுத்துக்கொண்டு, மூன்று தலைமுறையாக அவன் சோற்று இலையிலும் நாம் உட்கார்ந்திருக்கிறோம். நாராயணபெருமாள் ஓலையைக் கட்டிக்கொண்டே, "உங்க பாட்டாவுக்கு நல்ல தோள்பெலம் சாரே" என்றார்.

அந்தக் காகிதத்தைப் பாட்டுப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன். குடும்ப ஜெபத்துக்குப் பாட்டெடுக்கப்போன உன் அம்மை கையில் அது அகப்பட்டது. வாசித்துவிட்டு, "ஊருல உள்ள இடமெல்லாம் விட்டுட்டு நம்ம அடுக்களையிலயே கொண்டு குழி தோண்டியிருக்கியளே" என்று அழுதாள். மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நானும் சந்தோஷமாகவே கொடுத்தேன், பொய் சொல்வானேன். பத்தொன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நான் அப்படி இருந்தது கல்யாணமான புதிதில் கூடக் கிடையாது. இருபதாம் நாள் ஞானையன் மகள் செல்லபாயைப் பார்க்க அஞ்சுகிராமத்திலிருந்து வந்தவர்கள், ஜெயில்காரன் வீடு என்று யாரோ வழியில் சொன்னதைக் கேட்டு, போட்ட காப்பியைக் குடிக்காமலே வண்டியைத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு இது மூன்றாவது தடவை. வயது இருபத்தாறு, உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவள். அன்று மாலை அவள் குடத்தோடு நம் வாசலைத் தாண்டிப்போகும்போது வழக்கம்போல் என்னைப் பார்த்துச் சிரித்தாள் மக்ளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே வந்து பார்த்தால் உன் அம்மை காகிதத்தை எடுத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். "வாசிச்சுத் தொலையும்" என்றாள்.

சனிக்கிழமை அசனத்தில், முதல் பந்தி உட்கார்ந்து ஐயர் ஜெபம் பண்ணுமுன்னே நான் எழுந்து ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். வாசித்துவிட்டு முதல் இலையை விட்டுக் கடைசி வரிசைக்குப் போனேன். சாம்பார் வாளியோடு நின்றவன் அப்படியே நின்றான். ஞானையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடிக்கப்போகிறான் என்று நான் தோளைக்கூடத் தயார்பண்ணிவிட்டேன். அவனோ முகத்துக்கு நேரே குனிந்து, "மீசை எப்ப வே?" என்றான். சவரக்காரர் பெட்டியோடு அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்திருந்தார், அவரை யார் பெட்டியோடு வரச்சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை. பாயசம் வருமுன்னே வேலை முடிந்துவிட்டது. ஆனால் முதல் இலையில் ஞானையன் உட்காரவில்லை, செல்லபாயை உட்காரவைத்தான். அவள் சாப்பிடவே இல்லை, இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சுகிராமத்தார் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்து காப்பியும் குடித்துக் கல்யாணமும் நிச்சயம் பண்ணிவிட்டார்கள். கல் முத்துக்கனி பெயரில் பதிக்கப்போகிறார்கள். வருஷாவருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமையை ஆசரிக்கவேண்டும், இங்கிலீஷ் தேதி என்ன என்று கமிட்டி கேட்டது. தேதி கணக்குப்போட்டுச் சொல்லும்படி நானே நாராயணபெருமாளுக்குக் கார்டு எழுதினேன்.

நீ மழையில் நனையாதே. கடைச்சாப்பாடு வேண்டாம், கருப்பட்டியும் சுக்கும் ஆள்வசம் அனுப்பியிருக்கிறோம். செல்லபாய்க்கு மறக்காமல் ஒரு வரி வாழ்த்து எழுது. நான் அனுப்பின டைட்டஸ் பாட்டா சரித்திரம் பதினாறு பக்கத்தையும் கிழித்துப்போட்டுவிடு, நர்சுகளுக்கு வாசித்துக் காட்டியிருந்தால் அது வேறு குடும்பம் என்று சொல்லிவிடு. கர்த்தர் உன்னைத் தம் செட்டைகளின் கீழ் வைத்துக் காப்பாராக. அம்மை முத்தம் சொல்லச் சொன்னாள்.

மீசையில்லாத உன் அப்பா,
இஸ்ரவேல்

இதை ஒட்டுமுன்னே நாராயணபெருமாளின் பதில் கார்டு வந்துவிட்டது. உன் அம்மைக்குக் கூடக் காட்டவில்லை, அடுப்பில் போட்டுவிட்டேன், நீயும் மூச்சு விடாதே. 1019 தை 14 வியாழக்கிழமையாம்.