பொம்மை பயமுறுத்தவே இல்லை, அண்ணி

என் கண்ணான அண்ணிக்கு,

நம்முடைய பொம்மைப் படத்தை மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். படம் படு மோசம். அதனால் நம் வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அம்பத்தூருக்கு என் அண்ணன் மனைவியாக வந்த புதிது. புதுப் பெண்ணை முதன்முதலில் எந்தப் படத்துக்குக் கூட்டிப்போவது என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருந்தார். நீங்களே தெருவோரப் போஸ்டரைக் காட்டி "இதுக்குப் போலாம்" என்றீர்கள். இங்கிலீஷ் பேய்ப் படம், தமிழில் பேசுவது. மஞ்சள் கவுன் போட்ட பொம்மை, கையில் கத்தரிக்கோல். அண்ணன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த என்னையும் துணைக்கு வரச் சொன்னார். யாருக்குத் துணை என்பது தியேட்டரில் விளக்கு அணைந்ததும் தெரிந்துபோனது.

அந்தப் பொம்மை பெரிதாக ஒன்றும் செய்யாது, ஞாபகம் இருக்கிறதா? நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற போதெல்லாம் அதன் தலை மட்டும் கொஞ்சம் வேறு பக்கம் இருக்கும். தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அதன் இழை வழியாகப் பார்த்தார். நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். ஒவ்வொரு கொலைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். முன் வரிசை ஆட்கள் பொம்மையை விட்டுவிட்டு உங்களைத்தான் பயந்து பயந்து திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் உங்கள் குறும்பு வேறு. அண்ணனுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன பிறகு, உங்கள் மகள் தேன்மொழியின் பழைய பொம்மை ஒன்றை எடுத்து ஸ்வீட் டப்பா மேல் உட்கார வைத்துவிட்டீர்கள். அவள் வளர்ந்து வேலைக்கே போய்விட்டாள், பொம்மை மட்டும் அங்கேயே காவல். ஒரு நாள் அண்ணன் என்னிடம் வந்து, "விஜி, நீ போய் அந்த டப்பாவ எடுத்தா. உங்க அண்ணி பாக்கல, ஆனா அது பாக்குது" என்றார். நாம் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அந்த வீடு அடங்கிவிட்டது, அண்ணி. அண்ணன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனிக்குப் போவார், வருவார், வைத்ததைச் சாப்பிடுவார். உங்கள் பேரை மட்டும் வாயில் எடுக்க மாட்டார். நாங்கள் எடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். மனசில் இருப்பதை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாரோ?

இந்தச் சமயத்தில்தான் தேன்மொழி வந்து, கூட வேலை பார்க்கிற ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். அயனம்பாக்கத்தில் சிநேகிதர்களோடு ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறான். பெயர் சுடலைமுத்து. பேய் என்ற சொல்லுக்கே விளக்கைப் போடுகிற நம் அண்ணனுக்கு, சுடுகாட்டுச் சாமி பேரில் மாப்பிள்ளை. நீங்கள் இருந்திருந்தால் பேரைக் கேட்டதுமே சம்மதம் சொல்லியிருப்பீர்கள்.

அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "உங்கம்மா இருந்தா ஒரு நிமிசத்துல ஆளப் பாத்து சொல்லிடுவா. எனக்கு இன்னா தெரியும்?" என்று எழுந்து போய்விட்டார். அப்படியே மாதங்கள் ஓடின. ஒருமுறை முத்து வீட்டுக்கே வந்தான். "வாங்க" என்றார், காபி கொடுக்கச் சொன்னார், டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் காபி குடித்துவிட்டுப் போனான். தேன்மொழி எனக்கு போன் செய்து அழுதாள். அப்பா மனசாரச் சொல்லாமல் அவளுக்குக் கல்யாணம் வேண்டாம். அவனை விடவும் முடியாது. நான் என்ன செய்வேன்? உங்களைக் கேட்கலாம் என்று பழக்க தோஷத்தில் போனில் உங்கள் நம்பரைத் தேடினேன். எடுத்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம் ஒரு நாள் டிவியில் விளம்பரம் வந்தது. அதே மஞ்சள் கவுன், அதே கத்தரிக்கோல். தட்டில் கை வைத்திருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "இது நம்ம பொம்ம படமாச்சே" என்றாராம். தேன்மொழி உடனே என்னைக் கூப்பிட்டாள். "அத்தே, அப்பா 'நம்ம'ன்னு சொன்னாரு."

அதைப் பிடித்துக்கொண்டோம். முத்து நாலு டிக்கெட் எடுத்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். "அந்தப் பையனும் வரானா?" என்று அண்ணன் கேட்டார். வருகிறான் என்றேன். "வரட்டும். தியேட்டரு எல்லாருக்கும் பொதுதானே" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். காட்டுப்பாக்கத்திலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது மூவரும் மால் வாசலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். உள்ளே நானும் தேன்மொழியும் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்தோம். அண்ணனுக்கு முத்து பக்கத்து சீட்தான் மிச்சம்.

படத்தை என்னவென்று சொல்ல? இந்தப் பொம்மை போனில் இணைகிற பொம்மை. சார்ஜ் இறங்கினால் கொலை நின்றுவிடும். அதற்கு ஒரு சோகக் கதை வேறு, யாரோ சின்ன வயதில் அதைக் கைவிட்டுவிட்டார்களாம். அண்ணன் துண்டைத் தயாராகக் கையில் பிடித்தபடி காத்திருந்தார், காத்திருந்தார். பயம் வரவில்லை. கடைசியில் ஏசி குளிருக்கு அதைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

திரையில் பொம்மை விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தது.

"இன்னா இது, பொம்ம அழுவுது?" என்றார் அண்ணன், கொஞ்சம் சத்தமாகவே.

முத்து திரும்பாமல் மெதுவாகச் சொன்னான். "அடுத்து பாட்டு வரும், பாருங்க சார்."

பாட்டு வந்தது. பொம்மை மழையில் நனைந்துகொண்டு நடந்தது. அண்ணனின் தோள் குலுங்குவதைப் பார்த்து எனக்குத் திக்கென்றது, அழுகிறாரோ என்று. இல்லை அண்ணி, சிரிக்கிறார். சத்தம் வராமல் தொப்பை மட்டும் ஆடுமே, அந்தச் சிரிப்பு. தேன்மொழி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் அதற்கப்புறம் திரையையே பார்க்கவில்லை.

"மழையில நனைஞ்சா ஷாக் அடிக்காதா அதுக்கு?" என்றார் அண்ணன்.

"வாரண்டி இருக்கும் சார்."

முன் சீட்டுப் பெண்மணி திரும்பி, "கொஞ்சம் பேசாம பாக்குறீங்களா?" என்றாள். சற்று நேரம் கழித்து அவளே மறுபடி திரும்பி, "பழைய படத்துல இப்படியாண்ணே வரும்?" என்று கேட்டாள். அண்ணன் அவளுக்கும் கதை சொன்னார்.

இடைவேளையில் டீ வாங்கிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றோம். "பழைய பொம்ம கம்முனு குந்திகினு இருக்கும். எப்ப திரும்பும்னு தெரியாது. அதாம்பா பயம்" என்று அண்ணன் முத்துவிடம் சொன்னார்.

"நானும் பார்த்தேம்லா சார். கோயில் கொடைக்கு எங்க தெருவுல வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துப் போட்டாவ. பார்த்துட்டு ஒரு வாரம் தனியா கொல்லைக்குப் போகல."

"நீயும் பயந்தியா?"

"இப்பவும் பயம்தான் சார்."

"சுடலைமுத்துன்னு பேர வெச்சிகினு பயமா?"

"பேர் வச்சது எங்க அப்பா சார். பயப்படுறது நான்."

அண்ணன் வாயிலிருந்த டீ புரையேறிவிட்டது. முத்து அவர் உச்சந்தலையில் தட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த அண்ணன், யாரும் கேட்காமலே, "இவங்கம்மா கீறாளே" என்று ஆரம்பித்தார்.

ஆமாம் அண்ணி. உங்களைப் பற்றித்தான். நீங்கள் போஸ்டரைக் காட்டியது, முன் வரிசை ஆட்கள் உங்களைப் பார்த்து மிரண்டது, ஸ்வீட் டப்பா, எல்லாம். இவ்வளவு நாளும் பூட்டி வைத்திருந்ததை, டீ ஆறுவதுகூடத் தெரியாமல், முத்துவிடம் சொன்னார். மணி அடித்து எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். "அவங்க அவ்ளோ தைரியசாலியா?" என்று முத்து கேட்டான். "தைரியமா? பயம்னா இன்னான்னே தெரியாது அவளுக்கு. என்னிய கட்டிக்கினா பாரு" என்றார் அண்ணன். நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மிச்சப் படத்தைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. வெளியே வந்து எதிர்ச் சாரியில் பஜ்ஜி போடும் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணனும் முத்துவும் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நல்ல படமாக இருந்திருந்தால் அண்ணன் துண்டுக்குள் போயிருப்பார், வீட்டுக்கு வந்து பழையபடி உம்மென்று இருந்திருப்பார். எடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

பேச்சுக்கு நடுவில் முத்து, "சார், இன்னொரு பஜ்ஜி சொல்லட்டுமா?" என்றான்.

அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். தேன்மொழியைப் பார்த்தார், அப்புறம் அவனை. "இன்னும் இன்னாத்துக்கு சார் மோருன்னுகினு? மாமான்னு கூப்புடு."

தேன்மொழி பஜ்ஜியைக் கையில் பிடித்தபடியே அழுதாள். முத்து எழுந்து நின்றுவிட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, மாமாவுக்கு ஒரு வாழைக்கா பஜ்ஜி" என்றான்.

முத்துவின் அப்பா அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கல்யாணம் ஆவணியில், திருவேற்காட்டில் வைத்து. சம்பந்தி கொஞ்சம் கறாரான மனிதர் என்று பயந்துகொண்டிருந்தோம். அண்ணன் அவரிடமும் மழையில் நனைந்த பொம்மையைப் பற்றி ஆரம்பித்தார். அந்த மனிதர் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் முறுக்கெல்லாம் தரையில். உங்கள் மரகதப் பச்சைப் பட்டுப் புடவையை நிச்சயத்துக்குத் தேன்மொழி கட்டிக்கொண்டாள். அண்ணன் பார்த்துவிட்டு, "அப்படியே உங்கம்மா மாரியே கீது" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் எழுந்து வெளியே போகவில்லை.

ஒன்றே ஒன்றுதான் என் மனசில் ஓடுகிறது. தேன்மொழி அயனம்பாக்கத்தில் தனிக்குடித்தனம் போய்விட்டால் அந்த வீட்டில் அண்ணன் ஒருவர்தான். பகலெல்லாம் வேலை, சரி. ஞாயிற்றுக்கிழமை? கவலைப்படாதீர்கள் அண்ணி. ஞாயிற்றுக்கிழமைகளை நான் எடுத்துக்கொள்கிறேன். சமைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். உங்களைப் பற்றி அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சொன்னதையே திரும்பச் சொன்னாலும். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்களை அண்ணியாக அடைந்ததால் நாத்தனார் என்ற சொல்லே இனிக்க வாழ்ந்த,
உங்கள் விஜி
காட்டுப்பாக்கம்