மூன்று சைக்கிள் கம்பிகளும் என் தண்ணீர்த் தொட்டியும்

பாவா,

பரணை ஒழித்தபோது நீங்கள் செய்த அந்தப் பலகை கிடைத்தது. அதில் நட்ட மூன்று சைக்கிள் கம்பிகள்: குட்டை, நடுத்தரம், நெட்டை. தலைக்கு ஒரே அளவுக் களிமண் உருண்டை. எல்லாம் காய்ந்து கல்லாகிவிட்டன.

பொதட்டூர்பேட்டையில் நான் வீடு கட்டியபோது, மாடிமேல் நான்கு தூண் எழுப்பி, திருத்தணி மலையில் நிற்பவன் கண்ணுக்கும் தெரிகிற உயரத்தில் தண்ணீர்த் தொட்டி வைக்கத் தீர்மானித்தேன். வீட்டைப் பார்க்க ஆந்திராவிலிருந்தே இரண்டு பஸ் வந்ததாக ஞாபகம். தடுத்தது, என் அக்காவைக் கட்டிய, வீட்டுப் படம் வரையும் நீங்கள் ஒருவர்தான். நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டீர்கள். மலையே ஆடினாலும் என் தொட்டி ஆடாது என்றேன்.

நீங்கள் சண்டை போடவில்லை. பலகையைத் தரையில் வைத்து மெதுவாக அசைத்தீர்கள். நெட்டைக் கம்பி பேயாட்டம் ஆடியது. குட்டை பலகையோடு சாதுவாகப் போய்வந்தது. வேகமாக உதறினீர்கள். நெட்டையின் தலை நின்ற இடத்தில் நிற்க, குட்டை துடித்தது.

"பூமி எப்டி ஆடுதுன்றது பாதிதான் மச்சான். மேல எவ்ளோ எடை, கால் எவ்ளோ வெறப்பு, அது மீதி. ரெண்டு தாளமும் ஒத்துப்போச்சுன்னா சின்ன ஆட்டமே சாச்சிடும்."

ஊருக்கு முன்னால் சிரித்தேன். மறுநாளே நீங்கள் போட்டுக் கொடுத்த கணக்குப்படி தூணைக் குட்டையாக்கி, பருமனாக்கினேன். அது என் மூளை என்று இருபது வருஷமாகச் சொல்லிவருகிறேன். நீங்கள் கண்மூடும்வரை ஒருநாளும் மறுக்கவில்லை.

போன வாரம் உங்கள் மகள், தான் கட்டப்போகும் வீட்டின் படத்தோடு வந்தாள். கீழே கார் நிறுத்த, சுவரே இல்லாமல் வெறும் தூண்கள். அதன்மேல் இரண்டு மாடி. மேஸ்திரி போதும் என்கிறாராம்.

"இஞ்சினியர் எதுக்கு மாமா? தொட்டிக்கே கணக்குப் போட்டவருன்னு ஊரே சொல்லிகினு இருக்குது. நீங்க ஆங்னு சொன்னா நாளைக்கே கான்கிரீட் ஊத்திடுவோம்."

கனத்த தலை, ஒல்லிக் கால். ஆடும் என்பது எனக்கே தெரிந்தது. எவ்வளவு ஆடும், எவ்வளவு பருமன் தாங்கும் என்பது தெரியவில்லை. அன்று நீங்கள் பென்சிலால் கணக்குப் போட்டபோது நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"தொட்டிக் கணக்கு உங்கப்பா போட்டதும்மா. எனக்குத் தெரியாது. இஞ்சினியரு பாக்குற வரைக்கும் ஊத்தாத."

அவள் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். இஞ்சினியர் வந்து தூண்களை மாற்றச் சொல்லிவிட்டார். நடுவில் இரண்டு சுவரும் வேண்டுமாம்.

எனக்குத் தெரியாது என்று அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாகச் சொன்னேன், பாவா. இந்த வட்டாரத்தில் அதை என்னளவு கம்பீரமாகச் சொன்னவன் இன்னும் பிறக்கவில்லை.