டைரோசின் முப்பத்தேழு யாரைத் தொட்டது

ஜனவரி 21, 2025

விடுதியில் தண்ணீர்த் தொட்டியை இடித்துக் கட்டுகிறார்கள். ஒரு மாதம் வீட்டிலிருந்தே ஆய்வு வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டார் வள்ளிமயில் மேடம். எனக்குத் தேவை ஒரு மடிக்கணினி, மின்சாரம். கோவில்பட்டியில் இரண்டும் பெரும்பாலும் இருக்கின்றன.

அம்மா கேட்டாள்: "மதுரையில போயி அப்படி என்னதான்டி படிக்க?"

உளுந்துக்குள் ஒரு புரதம் இருக்கிறது என்றேன். வண்டு உளுந்தைத் தின்றால், அதன் வயிற்றில் மாவைச் செரிக்கும் நொதியை இந்தப் புரதம் பிடித்து நிறுத்திவிடும். எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பார்க்கிறேன்.

நாகலாபுரத்திலிருந்து மாமா அனுப்பிய மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிச் சுளகில் போட்டாள். பாதி ஓட்டை. ஒரு வண்டு நிதானமாக நடந்து போனது.

"பிடிச்சு நிறுத்துன லெச்சணத்தப் பாரு."

"அது வேற ரகம்மா. காட்டுல வளருதது."

"அப்ப அந்தக் காட்டுலயே போயி வடை சுடு."

ஜனவரி 23

தூரம்.

புரதத்தின் ஒரு அணுவும் நொதியின் ஒரு அணுவும் எவ்வளவு நெருங்கினால் தொட்டதாகக் கணக்கு? ஒரு சென்டிமீட்டருக்குள் பத்துக் கோடி ஆங்ஸ்ட்ராம். அதில் மூன்று என்று வைத்தால் எல்லோரும் அநாதை. எட்டு என்று வைத்தால் ஊரே சொந்தம். நான்கு வைத்தேன்.

ஏன் நான்கு? மற்றவர்களும் நான்கு வைக்கிறார்கள். இதற்குப் பெயர் அறிவியல்.

ஜனவரி 26

ஞாயிறு. மாதா கோவிலில் பூசை, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம். எல்லோரும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார்கள். என் கணக்கில் யாரும் யாரையும் தொடவில்லை.

அம்மா முழங்கையால் என் விலாவில் இடித்தாள். "சிரிக்காம நில்லு."

ஆக, ஒரு தொடர்பு.

ஜனவரி 30

இன்று போனில் எல்லோரும் சேர்ந்து பேசினோம். உளுந்துப் புரதம் எந்த அமினோ அமிலத்தால் வண்டின் நொதியைப் பிடிக்கிறது? சந்தேகப்படும் ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். பிடி விட்டுப்போனால் அதுதான். அதை ஆய்வகத்தில் செய்யப்போகிறவள் சந்தனமாரி. அவளுக்குத் தன் சொந்த ஆய்வேடு காத்திருக்கிறது. கோடைக்குள் ஒன்று செய்து தருவாள். ஒன்றே ஒன்று.

நான் டைரோசின் 37 என்றேன், புரதச் சங்கிலியில் முப்பத்தேழாவது அமினோ அமிலம். எதிரே வண்டின் நொதியில் அஸ்பார்ட்டேட். நடுவே 2.9 ஆங்ஸ்ட்ராம்.

கிருஷ்ணகுமார் அண்ணாச்சி ஆர்ஜினின் 61 என்றார். எட்டயபுரத்துக்காரர், எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். தூரத்தை அளக்கும் கணினி ஸ்கிரிப்டை என்னிடம்தான் வாங்கினார். படத்துக்கு மட்டும் சொந்தமாக ஊதா நிறம் கொடுத்திருந்தார்.

"ஏட்டி ரூபி, டைரோசினு பாக்கத்தான் மினுக்கும். என் ஆர்ஜினின் புடிச்சா உடும்புப்பிடி."

மேடம் இரண்டு தூரங்களையும் கேட்டார். என்னுடையது நெருக்கம். என்னுடையது தேர்வானது.

முடிந்ததும் சந்தனமாரி தனியாக அழைத்தாள். "உன்ன நம்பி மூணு மாசம் கையக் குடுக்கேன். தப்பா இருந்துச்சு, பஸ் ஏறி வந்து அடிப்பேன்."

என் சொல்லை நம்பி ஒரு ஆள் மூன்று மாதம் வேலை செய்யப்போகிறாள். இதற்குமுன் என்னை நம்பி யாரும் கடைக்குக்கூட அனுப்பியதில்லை.

பிப்ரவரி 1

வரப்போகும் ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர். என் பெயர். எழுதிப் பார்த்தேன். உடனே அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 4

மேடம் ஒரு நல்ல படம் கேட்டார். டைரோசினைத் திரையில் பெரிதாக்கினேன். அதன் நுனி கவட்டையாகப் பிரிந்திருந்தது.

புரதத்தைப் படிகமாக்கித்தான் அதன் அணுக்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். படிகத்துக்குள் ஒரு அமினோ அமிலம் ஒரே இடத்தில் நிற்காமல் இருந்தால், கோப்பில் அதன் இரண்டு இடங்களையும் எழுதுவார்கள். ஒன்றுக்கு ஏ, மற்றதற்கு பி. இரண்டு இடம், ஆனால் ஒரே ஆள். என் ஸ்கிரிப்ட் அந்த எழுத்தைக் குப்பை என்று வெட்டி எறிந்திருக்கிறது. எழுதியவள் நான். பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று.

டைரோசின் பி-யில் நின்றால் கை நீட்டியிருக்கும். ஆனால் அப்போது எதிரே அஸ்பார்ட்டேட்டும் பி-யில் நிற்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அஸ்பார்ட்டேட் ஏ-க்குத் திரும்பி வரும்போது டைரோசினும் ஏ-க்குப் போய்விடும், கையை மடக்கிக்கொண்டு. நான் அளந்த 2.9 இதன் பி-க்கும் அதன் ஏ-க்கும் நடுவில். ஒருவர் வந்தால் ஒருவர் விலகுகிறார். இருவரும் ஒரே சமயத்தில் அங்கே இருந்ததே இல்லை. நான் கோடு போட்டுக் கைகோக்க வைத்திருக்கிறேன்.

யாருக்கும் தெரியாது. கோப்பை இவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தவள் நான் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை சந்தனமாரி மாற்றிய மரபணுவுக்கு ஆர்டர் போடுகிறாள்.

— சொல்லாமல் இருந்தால்? மாற்றிப் பார்ப்பாள், ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகவில்லை என்பதும் ஒரு முடிவுதானே?

என்ன புத்தி இது. அவ மூணு மாசம்லா. மூணு மாசம் அந்தக் குளிர் ரூமுக்குள்ள நின்னு, ஒண்ணுமில்லாததுக்கு.

நாளைக்குச் சொல்லணும். எப்படிச் சொல்ல?

பிப்ரவரி 5

அப்பா நூற்பாலையில் இரவுக் காவல். காலையில் வந்து கட்டிலில் விழுவார். இரவில் அதே கட்டிலில் தம்பி பிரின்ஸ்டன். பக்கத்து வீட்டு வள்ளித்தாய் அக்கா சீனி வாங்க வந்து எட்டிப் பார்த்து அம்மாவிடம் சொன்னார்.

"எப்ப வந்தாலும் கட்டில்ல ஆளு கெடக்கு, மதலேன். இந்த முழங்கட்டில்ல அப்பனும் மவனும் எப்படித்தான் சேந்து படுக்காவளோ."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உவமை தானாக வந்து வாசலில் நின்றது. உள்ளே விடவில்லை. போனை எடுத்தேன்.

சந்தனமாரி முழுவதையும் கேட்டாள்.

"அப்ப அதுக ரெண்டும் ஒண்ணா இருந்ததே இல்ல."

"இல்ல."

"பெறகு என்ன எழவுக்குட்டி கோடு போட்ட?"

"தெரியாமப் போட்டுட்டேன்."

"நல்லவேள, வெள்ளிக்கிழமைக்கு முன்னால சொன்ன. அடி பாதியாக் கொறையுது."

மேடம் கோபப்படவில்லை. "சரிம்மா" என்றார். அந்த 'சரிம்மா'வுக்குத் திட்டே தேவலை.

போனில் அண்ணாச்சி மட்டும் சந்தோஷமாக இருந்தார். "நான் அப்பமே சொன்னம்லா. ஆர்ஜினினுதான்."

"அண்ணாச்சி, உங்க லிஸ்டும் என் ஸ்கிரிப்டுலதான போட்டீங்க."

அவர் பக்கத்தில் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"லைன்லயே இரு. தொறந்து பாக்கேன்."

இருந்தேன்.

"ஏட்டி, இதுவும் கவட்டையால்லா இருக்கு."

பிப்ரவரி 6

ஏ-யை ஏ-யோடு மட்டும், பி-யை பி-யோடு மட்டும் அளக்கும்படி ஸ்கிரிப்டைத் திருத்தினேன். டைரோசின் பட்டியலிலிருந்து காணாமல் போனது. ஆர்ஜினின் ஒன்பதாவது இடத்துக்கு இறங்கியது. உடும்பு கையை எடுத்துவிட்டது.

மேலே மூன்று பேர் மிஞ்சினார்கள். மூன்றும் ஏறக்குறைய சமம். மினுக்கம் இல்லாதவை. அண்ணாச்சியும் நானும் ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போட்டோம். சந்தனமாரி குறுக்கே வந்தாள்.

"செய்யப்போறது நானு. நானே எடுக்கேன். லூசின்."

ஏன் லூசின் என்று மேடம் கேட்டார்.

"மத்த ரெண்டையும்விட மாத்துறதுக்கு லேசு, மேடம்."

மேடம் சிரித்தார். முடிந்தது.

மார்ச் 2

விடுதிக்குத் திரும்பிவிட்டேன். புதுத் தொட்டி அழகாக இருக்கிறது. தண்ணீர் இல்லை.

ஏப்ரல் 9

சந்தனமாரி எங்களோடு பேசுவதில்லை. சோதனைக் குழாய்க்குள் இருக்கும் புரதத்தோடு பேசுகிறாள். சரியாக மடங்கினால்தான் அது வேலை செய்யும். இன்று காதில் விழுந்தது: "ஒழுங்கா மடங்கு. சொல்லிட்டேன்."

மே 14

மாவுக் கரைசலில் அயோடின் விட்டால் நீலமாகும். வண்டின் நொதி மாவைத் தின்றுவிட்டால் நீலம் வராது. உளுந்துப் புரதம் நொதியைப் பிடித்துக்கொண்டால் மாவு மிஞ்சும், நீலம் வரும்.

முதல் குழாயில் மாற்றாத புரதம். பேனா மை போல நீலம்.

இரண்டாவதில் லூசினை மாற்றிய புரதம். சந்தனமாரி அயோடின் விட்டாள். ஆட்டினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெறும் மஞ்சள்.

"வண்டு சாப்ட்டு முடிச்சிட்டு" என்றாள்.

அதாவது, பிடித்துக்கொண்டிருந்தது லூசின்தான். மூன்று முறை திரும்பச் செய்தாள். மூன்று முறையும் வண்டு சாப்பிட்டது. அண்ணாச்சி டீ வாங்கி வரப் போனார். அவர் கையிலிருந்து டீ வந்தது இதுவே முதல் தடவை.

எனக்கு என்ன? சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும். இரண்டும் ஒரே சமயத்தில் இருக்கின்றன.

ஜூன் 3

கட்டுரை தயார். முதல் பெயர் சந்தனமாரி. அடுத்து அண்ணாச்சியும் நானும், சமம் என்று ஆளுக்கொரு நட்சத்திரம். யார் முன்னால் என்பதற்கு மேடம் காசு சுண்டினார். அண்ணாச்சி ஜெயித்தார்.

செய்முறைப் பகுதியில் நான் எழுதிய ஒரு வரி: இரண்டு இடங்களில் காணப்படும் அமினோ அமிலங்களில் ஏ-யை ஏ-யோடும் பி-யை பி-யோடும் மட்டுமே அளந்தோம்.

அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எதுக்குட்டி? எல்லாரும் செய்யுததுதான?"

"எல்லாரும் செய்யுதாங்களா அண்ணாச்சி?"

மீசையைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. அவருடைய அடுத்த புரதம், என்னுடையதல்ல. படத்தில் அதே ஊதா நிறம். கீழே இரண்டு வரி:

"நீ ஒருக்கப் பாத்துட்டுச் சொல்லு. பெறகுதான் மேடத்துக்கு அனுப்புவேன்."