சாய்வு நாற்காலி போய் ஹெட்செட் வந்தது

அரெகிப்பா,
ஞாயிறு மாலை

அன்பு மகள் நெரேய்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் மிலான் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். உன் குரல் பதிவைக் கேட்டேன், ஒரு தடவை தனியாக, இன்னொரு தடவை அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து. "அம்மா, அந்தச் சனியன மொதல்ல கடையில திருப்பிக் குடு, நாற்காலிய மறுபடி வாங்கிப் போடு, அப்புறம் பேசலாம்" என்று முடித்திருக்கிறாய். போனில் பதில் சொன்னால் பாதியில் மறித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், சந்தையில் எனக்கு அடுத்த கடைக்காரி தன் மகனைப் பார்க்க அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே நம் கடை ஆலிவும் இருக்கும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பிக் கொடுக்க மாட்டேன். கண்ணை மறைத்துத் தலையில் மாட்டி ஆடுகிற அந்த வி.ஆர். ஹெட்செட் இந்த வீட்டில்தான் இருக்கும். ஏன் என்று தெரிய வேண்டுமானால் மேலே படி, வேண்டாமென்றால் ஆலிவைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்.

நீ அனுப்பிய சாய்வு நாற்காலி வந்த அன்று இரண்டு பேர் அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் கால் பக்கம் உயரும், இன்னொன்றை அழுத்தினால் ஆளையே நிமிர்த்தி நிறுத்திவிடும், நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். அப்பா அதை ஜன்னல் ஓரமாகப் போட்டார், எனக்குத் தெரு தெரியட்டும் என்று. உட்கார்ந்தேன், சுகமாக இருந்தது, மதியம் கண்ணை மூடியவள் பொழுது சாய்ந்துதான் விழித்தேன், மடியில் ஒரு கம்பளி கிடந்தது, யார் போர்த்தினார்கள் என்றுகூடத் தெரியவில்லை. மறுநாளும் அதே கதை. அதற்கும் மறுநாள் உன் அத்தை சொராய்தா வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இப்பத்தான் அண்ணி உங்களப் பாக்க மனசுக்கு நிம்மதியா இருக்கு" என்றாள். சவப்பெட்டிக்குப் பூ வைத்துவிட்டுச் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு. அப்போதே அந்த நாற்காலி மேல் வெறுப்பு வந்துவிட்டது, உன் மேல் இல்லை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

மகளே, என் மேல் ஏறிய அந்த மினிபஸ் என்னிடமிருந்து எடுத்தது இடது முழங்காலுக்குக் கீழே உள்ளதை மட்டும்தான். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது நீங்கள். அப்பா என் கையிலிருந்து தட்டைப் பிடுங்குகிறார். கடையை அத்தை பார்த்துக்கொள்கிறாள், ஆலிவில் உப்பு கூடிவிட்டது என்று நான் சொன்னால் "நீங்க ஓய்வெடுங்க அண்ணி" என்கிறாள், உப்புக்கும் ஓய்வுக்கும் என்ன சம்பந்தம். சீட்டாட உட்கார்ந்தால் அப்பா நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தோற்கிறார், எனக்குத் தெரியாது என்ற நினைப்பு. சந்தைப் பெண்களின் டேபிள் டென்னிஸ் அணியைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சின்னப் பிள்ளையில் நீயே பந்து பொறுக்கிப் போட்டிருக்கிறாய், என் இடக்கை பக்கத்து அடியை மீன் சந்தைக்காரிகள் இன்னும் மறக்கவில்லை. கால் போன பிறகு அந்த அணி எனக்கு என்ன செய்தது தெரியுமா, என்னைக் கௌரவத் தலைவி ஆக்கியது. போட்டி நடக்கும்போது முன் வரிசையில் சக்கர நாற்காலியை நிறுத்தி, கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்துவிட்டார்கள். பூங்கொத்தோடு உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அதைக் குப்பையில் போட்டேன்.

ஹெட்செட் விஷயம் திட்டம் போட்டு நடந்ததில்லை. அத்தைக்குத் திரைச்சீலைத் துணி வேண்டும் என்று என்னையும் வணிக வளாகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே மிலாக்ரோஸ் என்ற பெண் ஒரு சின்னக் கடை போட்டிருக்கிறாள், உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், ஹெட்செட்டை மாட்டிவிட்டு ஆட்டம் காட்டுவாள், விற்கவும் செய்வாள், வாடகைக்கும் விடுவாள். நான் நின்று பார்த்ததும் அத்தை, "அது பசங்க வெளையாட்டு அண்ணி, வாங்க போலாம்" என்று நாற்காலியைத் திருப்பினாள். திருப்பாமல் இருந்திருந்தால் நானும் போயிருப்பேன். "எனக்கு ஒண்ணு மாட்டிவிடும்மா" என்றேன். முதலில் ஏதோ பள்ளத்தாக்குக்கு மேல் பறக்கிற ஆட்டம். பறந்தேன், திரும்பினேன், சரிந்தேன், அடுத்த கடையில் பொரிக்கிற கோழி வாசனையும் சேர்ந்துகொண்டது, குடல் வாய்க்கு வந்துவிட்டது. கழற்றிக் கொடுத்துவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நான்தான் சொன்னேனே" என்று அத்தை சந்தோஷமாகச் சொன்னாள். மிலாக்ரோஸ் ஒன்றும் மறைக்கவில்லை. "உடம்பு ஒரே எடத்துல இருக்கு, கண்ணு மட்டும் பறக்குது, பாதிப் பேருக்கு இப்படித்தான் கொமட்டும்க்கா. நீங்க நின்ன எடத்துலயே ஆடுற ஆட்டமாப் பாத்து ஆடணும். என்ன வெளையாட்டுப் புடிக்கும் உங்களுக்கு?" என்று கேட்டாள். கால் போன பிறகு என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. டேபிள் டென்னிஸ் என்றேன்.

மறுபடி மாட்டினாள். எதிரே மேசை, வலை, என் கையில் மட்டை. பந்து பட்டதும் மட்டையின் அதிர்வு விரலில் தெரிகிறது, சத்தமும் அப்படியே. மேசைக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவன் வந்து நின்றான், நின்றான் என்பதுகூடத் தப்பு, ஒரு தலையும் இரண்டு கையும்தான் தெரியும். அந்த உலகத்தில் யாருக்குமே கால் கிடையாது நெரேய்தா. என்னைப் பார்த்து அவன் பரிதாபப்பட அங்கே ஒன்றும் இல்லை. சுழற்றிச் சுழற்றிப் போட்டான், நான் தடவினேன், தப்பவிட்டேன், மூன்றே புள்ளி எடுத்துக் கேவலமாகத் தோற்றேன். புரியாத பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிக்கவும் சிரித்தான். எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல, காது மடல் சுட்டது, இன்னொரு ஆட்டம் என்று கத்தினேன், கோழிக் கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள் என்று அத்தை பிறகு சொன்னாள். இரண்டாவதிலும் தோற்றேன். ஹெட்செட்டைக் கழற்றியபோது உள்ளே நனைந்திருந்தது. அத்தை வியர்வை என்று நினைத்துக்கொண்டாள், அப்படியே நினைக்கட்டும்.

உடனே வாங்கிவிடவில்லை, உன் அம்மா இத்தனை வருடம் சந்தையில் உட்கார்ந்தவள். ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துவந்து எல்லாவற்றையும் பார்த்தேன். குறைகளை நானே சொல்கிறேன். எடை முழுக்க முன்பக்கம், கன்னத்தில் தழும்பு விழுகிறது, கழுத்து வலிக்கிறது. என் மூக்குக் கண்ணாடியோடு மாட்டுவது பெரிய வித்தை, ஆவி படிந்தால் பந்து இரண்டாகத் தெரியும். சார்ஜ் சரியாக ஆட்டம் சூடு பிடிக்கும்போது தீரும். மாடி வீட்டுக்காரர் படம் பார்த்தால் இணையம் தடுமாறும், பந்து நடுவழியில் உறைந்து நிற்கும். வேறு ஆட்டங்களையும் போட்டுப் பார்த்தேன், துப்பாக்கியோடு ஓடுகிறது எனக்கு ஆகவில்லை, பாட்டுக்கு ஏற்றபடி கட்டைகளை வாளால் வெட்டுகிறது பரவாயில்லை, பூதம் வருகிற ஒன்றில் அலறிவிட்டேன். புது மோகத்துக்கு வாங்குகிறவர்கள் ஒரு மாதத்தில் அலமாரியில் போட்டுவிடுவார்கள், அதில் நீ சொல்வது சரி, அப்பாவின் உடற்பயிற்சி சைக்கிளில் இன்று துணி காய்கிறது, உண்மைதான். ஆட்டம் என்று ஒன்று தனக்கு இல்லாதவர்கள் இதை வாங்கக் கூடாது. எனக்கு ஆட்டம் இருந்தது, மேசைதான் இல்லை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது.

அந்த வாரத்தில் ஒரு நாள் நெருங்கி வந்து தோற்ற ஆத்திரத்தில் என் வாயில் வரக் கூடாத வார்த்தை வந்தது. அடுக்களை வாசலில் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. அதுவரை அவரும் உன் கட்சிதான். "எர்மே, நீ இப்படித் திட்டிக் கேட்டு எவ்ளோ நாளாச்சு" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு ஸ்பானரை எடுத்துவந்து சக்கர நாற்காலியின் வலது கைப்பிடியைக் கழற்றிவிட்டார், முழங்கை இடிக்கிறது என்று நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த நாள் காலை நாங்கள் இரண்டு பேருமாக அது வந்த கடைக்குப் போய் உன் சாய்வு நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னோம். "மக ஆசையா வாங்கிக் குடுத்ததும்மா, வருத்தப்பட மாட்டாங்களா" என்று கடைக்காரர் இழுத்தார். "வருத்தப்படட்டும், வளந்தவதான, தாங்கிக்குவா" என்றேன். அந்தப் பணத்தில்தான் ஹெட்செட் வாங்கினேன், உன்னைக் கேட்காமல்தான் செய்தேன், கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், பிறகு உன் பேச்சை மீறியதாக ஆகியிருக்கும்.

இப்போது என் கைக்கட்டு விஷயம். அத்தை உனக்கு என்ன சொன்னாளோ, நடந்தது இதுதான். ஆடுவதற்கு முன் ஹெட்செட் வழியாகவே தரையில் எல்லைக்கோடு போட வேண்டும், கை எதிலும் இடிக்காமல் இருக்க, நான் பேராசையில் அதை விளக்குவரை இழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு பந்தை ஓங்கி அடித்தேன், விளக்கு போனது, விரல் மொளியில் கொஞ்சம் கிழிந்தது. தையல்கூட இல்லை. இப்போது கோட்டைச் சுருக்கிவிட்டேன், நாற்காலிச் சக்கரத்துக்கு அப்பா இரண்டு பக்கமும் கட்டை வைக்கிறார். நீ பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை, அங்கே வேலைக்கு நீ பார்த்துக்கொள்கிற அந்த வயதான அம்மாள் விழுந்த பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று அழுதாயே. ஆனால் நான் அந்த அம்மாள் இல்லை, நீ எனக்கு நர்சும் இல்லை.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும், இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். உருகுவேக்காரி ஒருத்தி, ஒதிலியா என்று பெயர், நம் பாஷைதான், இப்போது அடிக்கடி என்னோடு ஆடுகிறாள். ஒரு நாள் ஆட்டத்துக்கு நடுவில், "ஏங்க, ஓரத்துக்கு வர்ற பந்த மட்டும் ஏன் விட்டுர்றீங்க? ஒரு எட்டு வெச்சா எடுத்துரலாமே" என்றாள். "எட்டு வெக்கக் காலு இல்லம்மா, நாற்காலில ஒக்காந்து ஆடுறேன்" என்றேன். போச்சு, இனி இவளும் பூங்கொத்து கொடுப்பாள் என்று நினைத்தேன். அடுத்த பந்தைப் போட்டாள். நேராக ஓரத்துக்கு. அதற்கடுத்ததும் ஓரத்துக்கு. என் பலவீனம் எங்கே என்று தெரிந்த உடனே அங்கேயே குறிவைத்து அடித்தாள் மகளே, ஒரு புள்ளிகூட இரக்கப்பட்டு விடவில்லை. அந்த ஆட்டம் முழுக்க நான் சிரித்துக்கொண்டே தோற்றேன். இப்போது ஓரப் பந்தை எடுக்க உடம்பைச் சாய்த்து நீட்டிப் பழகுகிறேன், காலையில் பத்து தடவை, மாலையில் பத்து தடவை, மருத்துவமனையில் செய்யச் சொன்னபோது செய்யாத பயிற்சி அது. போன வியாழக்கிழமை அவளை ஒரு ஆட்டத்தில் வென்றேன். அவள் திட்டிய திட்டை உனக்கு எழுத முடியாது. கடைக்கும் போக ஆரம்பித்துவிட்டேன், ஆலிவில் உப்பைக் குறைத்தாகிவிட்டது, அத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள், இறக்கிவைப்பாள்.

நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை முடிந்து நடந்து வராதே, டிராம் பிடி. அந்த அம்மாளிடம் என் அன்பைச் சொல், தூங்கவைக்கிறதுக்கு முன்னால் என்ன ஆசை என்று ஒரு தடவை கேட்டுப் பார், படுக்கையில் கிடப்பவருக்கும் ஏதாவது இருக்கும். கடவுள் உன் கையையும் முதுகையும் பலமாக வைத்திருக்கட்டும், நல்ல துணை ஒன்றும் அமையட்டும், அமையாவிட்டாலும் சிரித்துக்கொண்டு இரு. கிறிஸ்துமஸுக்கு நீ வருகிறாய், பின்னறையில் உனக்குப் படுக்கை போட்டுவைப்போம். முன்னறையில் மட்டும் பெட்டியைக் கொண்டுவந்து வைக்காதே, அங்கே நான் ஆடுவேன்.

அசையாத பிடிவாதத்தோடும் அளவில்லாத பாசத்தோடும்,
உன் அம்மா
எர்மெலிந்தா